‘அந்த மாத்திரை’க்கு நான் சொன்ன பதில்கள்

மருந்துக்கடை வேலையில் நின்று நின்று கால் வலிப்பதைவிட, ‘இல்லைங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதுதான் அதிகம். உங்களில் யாராவது கவுன்டருக்குப் பின்னால் நின்றவராக இருந்தால் இது புரியும். துணிக்கடையில் ஒரு நிறம் இல்லையென்றால் வேறு நிறம் எடுத்துப் போடலாம். பாத்திரக்கடையில் வேறு அளவு காட்டலாம். மருந்துக்கடையில் இல்லையென்றால், எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான்.

நான் பி.பார்ம். படித்தவள். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இப்போது மதுரையில் கீழவாசல் பக்கம் காதர் பாய் கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். என்னுடைய பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். விதிப்படி அப்படித்தான் மாட்ட வேண்டும். ஆனால் அப்பாவுக்கு அது கோயில் மாதிரி. கரும்பு விஷயமாக ஒருநாள் மதுரைக்கு வந்தவர் கடைக்கு வந்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஊரில் எவர் கையில் போன் இருந்தாலும் அதில் அந்தப் போட்டோ இருக்கும். அதனால் எனக்கு எந்நேரமும் ஒரு பயம். ஒரு அட்டை தப்பாகக் கொடுத்துவிட்டால் சுவரிலிருந்து இறங்குவது அந்தச் சான்றிதழ்தானே.

நான் எழுதப்போவது ஒரே ஒரு மருந்தைப் பற்றி. கருக்கலைப்பு மாத்திரை. எங்கள் தெருவில் அதற்குப் பெயரே கிடையாது. கேட்கிறவருக்கும் அது ‘அந்த மாத்திரை’, இல்லையென்கிற எங்களுக்கும் அது ‘அந்த மாத்திரை’.

தொண்டை மிட்டாய்

அந்த மாத்திரை கேட்டு வருகிறவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். அநேகமாக ஆண்தான் வருவார். பைக்கை எதிர்ச்சாரியில் கரும்புச்சாறு வண்டி ஓரமாக நிறுத்துவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் இறங்க மாட்டாள். அவர் மட்டும் ரோட்டைக் கடந்து வந்து, கவுன்டரில் கூட்டம் இல்லாத மூலையாகப் பார்த்து, குழந்தைப் பவுடர் அடுக்கிய பக்கம் போய் நிற்பார். என்ன வேண்டும் என்று கேட்டால், அவசரமே இல்லாதவர் மாதிரி தொண்டை மிட்டாய் கேட்பார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஆள் போகும்வரை போனைப் பார்ப்பார். பிறகுதான் குனிந்து கேட்பார்.

நான் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு முப்பது வயது இருக்கலாம். மிட்டாயை வாங்கினார், கூட்டம் கலைகிறவரை காத்திருந்தார், கேட்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக்கூடாது என்றேன். சீட்டு வாங்கிக்கொண்டு வந்தால் தருவீர்களா என்றார். வந்தாலும் எங்கள் கடையில் இல்லை, நாங்கள் வாங்குவதில்லை என்றேன். எனக்கு வருத்தமாக இருந்தது. கடைசியில் கையில் இருந்ததைக் கவுன்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப இந்த மிட்டாயவாச்சும் திரும்ப எடுத்துக்கங்க தங்கச்சி. எனக்குத் தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

ஆளுக்கொரு சட்டம்

நாம் ஏன் அதை வாங்கி வைப்பதில்லை என்று பாண்டியண்ணனிடம் கேட்டேன். பாண்டியண்ணன் எங்கள் கடையில் விற்பனைக்கு நிற்பவர். எனக்கு ரொம்ப முன்னாலிருந்தே இருக்கிறார். கவர்மென்ட் தடை பண்ணிவிட்டது என்றார், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே. எந்தச் சட்டத்தில் என்றால் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். பெண் குழந்தையைக் கலைக்கிறார்கள் என்று மொத்தமாக நிறுத்திவிட்டார்கள் என்றார். முக்குக் கடைக்காரர், வைத்திருந்தாலே ஜெயில் என்றார். நான்காவது கடையில், மற்ற மாநிலத்தில் விற்கலாம், தமிழ்நாட்டில் மட்டும் கூடாது என்றார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தால் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது கல்லூரியில் படித்த சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பின்னால் வந்த திருத்தங்களையும் போனில் இறக்கிப் படித்தேன். தடை என்று எங்கேயும் இல்லை. குறிப்பிட்ட வாரங்களுக்குள், தகுதியுள்ள டாக்டர் முடிவுசெய்தால் கருக்கலைப்பு சட்டப்படி சரிதான். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் போதும், கணவர் கையெழுத்து வேண்டாம். மாத்திரையை மகப்பேறு டாக்டரின் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், டாக்டரின் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற சட்டம் வேறு, இது வேறு. எங்கள் பக்கத்தில் சோதனையும் கேள்வியும் அதிகம் என்பதால் கடைக்காரர்கள் பயந்து ஒவ்வொருவராக வாங்குவதை நிறுத்த, ஹோல்சேல்காரர்களும் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயத்துக்குத்தான் ஆளுக்கொரு சட்டத்தின் பெயரை வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை புத்தகத்தைப் பையில் வைத்துக் கொண்டுவந்து பாண்டியண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்றது சரியாவே இருக்கட்டும் பாப்பா. இன்ஸ்பெக்டர் வந்தா இந்தப் புஸ்தகத்தையா எடுத்து நீட்டுவ?”

கரும்புச்சாறு வண்டி ஓரம்

தொண்டை மிட்டாய் வேண்டாமென்று போனவர் சில வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இந்தத் தடவை மிட்டாய் கேட்கவில்லை, கூட்டம் கலையவும் காத்திருக்கவில்லை. ரத்தப்போக்கு நிற்க மாத்திரை இருக்கிறதா என்றார். விசாரித்தால், யாரோ தெரிந்தவர் மூலம் வெளியூரிலிருந்து மாத்திரை வரவழைத்திருக்கிறார்கள். எத்தனை வாரம் என்று எந்த டாக்டரும் பார்க்கவில்லை. எதை முதலில், எதைப் பிறகு என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் கவுன்டரைத் தாண்டி வெளியே ஓடினேன். கடைக்குள்ளிருந்து வாடிக்கையாளரைப் பார்க்க ரோட்டைக் கடந்தது அதுதான் முதல் தடவை. கரும்புச்சாறு வண்டி ஓரமாக அந்தப் பெண் பைக் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். உதடு வெளுத்திருந்தது. கடையில் இதற்கு மருந்து கிடையாது, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சாப்பிட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று சொல்லி, பாண்டியண்ணன் நிறுத்திய ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பைக்கைக் கரும்புச்சாறுக்காரர் பார்த்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் தானே ரோட்டைக் கடந்து கவுன்டருக்கு வந்தாள். சத்து டானிக் வாங்கினாள். முகத்தில் களை திரும்பியிருந்தது. இப்படி ஆகிறவரைக்கும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள், அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“புருஷன் கையெழுத்து, மாமியா கையெழுத்துன்னு கேட்டு விரட்டுவாங்கன்னு நெனச்சேன்க்கா. யாருமே கேக்கல. மொதல்லயே போயிருப்பேன், எவளும் எனக்குச் சொல்லலையே.”

நடுவானம்

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வருவார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஒருநாள் அவரும் குழந்தைப் பவுடர் மூலைக்குப் போய் நின்றபோது எனக்கு ஆச்சரியம். மகளுக்காகக் கேட்கிறேன் என்றார். அவள் இருக்கிற மாநிலத்தில் கருக்கலைப்பே கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்களாம். டாக்டர் எழுதிக்கொடுக்கவும் முடியாதாம், தபாலில் வரவழைக்கவும் கூடாதாம். இவளுக்கு இந்தக் கர்ப்பம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பயந்து போய் அப்பாவுக்கு போன் பண்ணியிருக்கிறாள். மதுரையிலிருந்து கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

முடியாது சார், சீட்டில்லாமல் கொடுக்கவும் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது, அங்கே அவர்களுக்கே சிக்கலாகும், பக்கத்து மாநிலத்தில் டாக்டரைப் பார்க்க முடியுமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் கடையில் அந்த மாத்திரையே இல்லை என்பதையும் சொன்னேன். நம் ஊரில் சட்டம் அனுமதிக்கிறதே என்று கேட்டார். அனுமதிக்கிறது சார், ஆனால் மாத்திரை இல்லை என்றேன். அடுத்த மாதம் வந்தபோது, மகள் கணவரோடு வேறு மாநிலத்துக்குக் காரில் போய் டாக்டரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள், சுகமாக இருக்கிறாள் என்றார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது முதல்நாள் அவர் படியிறங்கும்போது சொன்னதுதான்:

“அங்க மாத்திரை இருக்கு, சட்டம் விடல. இங்க சட்டம் விட்டுருச்சு, மாத்திரை இல்ல. எம் மக நடுவானத்துல வச்சுத்தான் முழுங்கணும் போலம்மா.”

சீட்டோடு வந்தவர்

ஜோதியக்கா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர். மூத்த பிள்ளைக்கு வீசிங் இருப்பதால் எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தார். மூலைக்குப் போகவில்லை, மிட்டாய் கேட்கவில்லை. நேராக என் எதிரில் வந்து, சேலை முந்தியில் முடிந்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார். மகப்பேறு டாக்டரம்மா எழுதிய சீட்டு. அந்த மாத்திரை.

ஜோதியக்காவின் இரண்டாவது குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அதுவும் ஆபரேஷன். இப்போதே இன்னொன்று என்றால் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தால் தன் முன்னாலேயே முதல் மாத்திரையைக் கொடுத்துவிடலாம், அதற்கு மேல் தள்ளினால் அட்மிட் ஆகித்தான் செய்ய வேண்டியிருக்கும் என்றிருக்கிறார். அட்மிட் ஆனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? கணவர் லாரி டிரைவர். நாக்பூர்ப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். போனில் பேசி இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்த டாக்டரம்மாவின் கிளினிக்கில் மாத்திரை வைத்திருக்கவில்லை. காலையிலிருந்து ஜோதியக்கா கடை கடையாக ஏறியிருக்கிறார். ஒரு கடையில் தடை என்றார்களாம். இன்னொன்றில் புருஷனை வரச்சொல் என்றார்களாம். மற்றொன்றில் சீட்டைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்களாம். நான் சீட்டை இரண்டு தடவை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததால்தான் இல்லையென்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் கடையிலும் இல்லைக்கா என்றேன்.

ஜோதியக்கா கோபப்படவில்லை. சீட்டைத் திரும்ப மடித்து முடிந்துகொண்டார்.

“சீட்டு இல்லாதவளுக்கு இல்லன்னா நாயம். சீட்டோட வந்திருக்கேனே பாப்பா, எனக்கும் இல்லையா?”

காதர் பாய் கேட்டது

ஜோதியக்காவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எதைப் பார்ப்பது? மதுரையில் எனக்குத் தெரிந்த ஹோல்சேல்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். அந்த ஐட்டத்தை மட்டும் கேட்காதீர்கள் என்றார் ஒருவர். ஒருவர் பெயரைக் கேட்டதுமே லைனை வைத்துவிட்டார். கடைசியில் திருச்சியில் ஒருவர் கிடைத்தார். கடை லைசென்ஸ் நகலோடு முதலாளி கையெழுத்துப் போட்டு ஆர்டர் அனுப்பினால் முறையாக பில் போட்டு அனுப்புவதாகச் சொன்னார்.

முதலாளி என்றால் காதர் பாய். அவருடைய வாப்பா தொடங்கிய கடை. லுஹர் என்கிற மதியத் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்தவரிடம் சொன்னேன். அவர் ஜோதியக்காவை அறிவார். குழந்தை எத்தனை மாதம் என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குத் தானே போன் போட்டு, சீட்டு அவர் எழுதியதுதானா என்று கேட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப நேரம் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். ஊர் என்ன பேசும் என்று யோசிக்கிறாரோ என்று நினைத்தேன். அதையே கேட்டும்விட்டேன். இல்லையென்று தலையசைத்து, என் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார்.

“என் பேர அல்லா பாத்துக்குவான். அங்க தொங்குறது உன் படிப்பும்மா. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, போட்டோ எடுத்துட்டுப் போன மனுசனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

சாப்பாட்டுப் பை

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துக்கடைகளைச் சோதிக்கிற ட்ரக் இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் நுழைந்தால், முதல் கடைக்காரர் அடுத்த கடைக்கு போன் போட்டு விருந்தாளி வாராங்க என்பார். அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு. விருந்தாளி மூன்றாவது கடைக்கு வருவதற்குள் பத்தாவது கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். தப்பு எதுவும் செய்யாத கடையிலும் இறங்கும். அது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது.

புதன்கிழமை காலை அந்த போன் எங்கள் கடைக்கு வந்தது. எடுத்தவர் பாண்டியண்ணன். முந்தினநாள் முழுக்க நான் அந்த மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், கடையில் அது இருப்பதாகவே அவர் மனத்தில் பதிந்துவிட்டது போல. என்ன ஏது என்று நான் கேட்பதற்குள், கர்ப்பம் சம்பந்தப்பட்டது என்று அவர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர். நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஃபிரிட்ஜில் இன்சுலின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், பில்களைப் பார்த்தார், என் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்கட்டில் ஆணியில் தொங்கிய பாண்டியண்ணனின் சாப்பாட்டுப் பை மட்டும் வழக்கத்துக்கு மேல் வீங்கியிருந்தது. திறக்கச் சொன்னார். தயிர்சாத டப்பாவுக்கு மேலே கர்ப்பிணிகள் சாப்பிடுகிற இரும்புச்சத்து மாத்திரை, மசக்கை வாந்திக்கான மாத்திரை, கர்ப்பமா என்று பார்க்கிற அட்டைகள், குழந்தை பெற்றவர்களுக்கான புரோட்டீன் பவுடர். எல்லாம் பில் உள்ள சரக்கு. எல்லாம் எவரும் விற்கக்கூடிய சரக்கு. பாண்டியண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

இப்போது விட்டால் பிறகு எனக்கு வாய் திறக்காது என்று தெரிந்தது. என் கைப்பையிலிருந்து அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். மகப்பேறு டாக்டரின் சீட்டோடு வருகிற பெண்ணுக்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுப்பது தப்பா சார் என்று கேட்டு, அடிக்கோடு போட்ட பக்கத்தை நீட்டினேன். காதர் பாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் படிக்கவில்லை, அது அவருக்குத் தெரிந்ததுதானே. தப்பில்லை என்றார். சீட்டில்லாமல் கொடுக்கிறவர்களைத்தான் பிடிக்கிறோம், சீட்டோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்றார். வாங்கிய பில்லும், கொடுத்த பில்லும், சீட்டின் நகலும் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் முதலில் சுவரில் இருக்கிற இந்தப் பெயரைத்தான் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் இத்தனை நாள் இருந்த பயத்துக்கு எல்லையே இல்லை. இந்தப் பயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்றாவது தெரிந்தது. படியிறங்கும்போது அவர் பாண்டியண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

“எல்லாஞ் சரி. கர்ப்பிணிக்குக் குடுக்குற சத்து மாத்திரைய எதுக்குய்யா தயிர்சாதத்துல ஒளிச்சு வச்சிருக்க?”

பார்சல்

காதர் பாய் அன்றைக்கே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். அல்லாவின் பேரால் என்று பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் போட்டார். திருச்சிக்காரர் வியாழக்கிழமை பஸ்ஸில் ஏற்றினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாட்டுத்தாவணியில் பார்சலை எடுக்கப் பாண்டியண்ணன் போனார். சாப்பாட்டுப் பை விஷயத்துக்குப் பிறகு, தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

போனவர் அங்கிருந்தே போன் செய்தார். பார்சல் கையில் வந்துவிட்டது, ஜோதியக்கா வேலை செய்கிற பூ மார்க்கெட் பக்கத்திலேதான் இருக்கிறது, நேராகப் போய்க் கொடுத்துவிட்டு வாரேன் என்றார். ஒரு நிமிடம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜோதியக்கா கீழவாசல் வரைக்கும் அலைய வேண்டாமே. ஆனால் பில் போடாமல், சீட்டைப் பார்க்காமல், மல்லிகைப்பூக் குவியலுக்கு நடுவே மாத்திரையைக் கைமாற்றினால், தெருவே இத்தனை நாள் பயந்தது உண்மையாகிவிடும். வேண்டாம் அண்ணே, பார்சலைப் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவாங்க, அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றேன். ஒரே வண்டியில் மாத்திரையும் வர வேண்டும், மாத்திரை வாங்குகிறவரும் வர வேண்டும், ஆனால் நடுவழியில் ஒன்றையொன்று தொடக்கூடாதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைக்காமலே பூ மார்க்கெட்டுக்குள் நடந்து போய் ஜோதியக்காவிடம் அவர் சொல்வது கேட்டது:

“ஏத்தா, வண்டில ஏறு. பார்சல் முன்னாடி, நீ பின்னாடி. எங்க பாப்பா பில்லு போட்டாத்தான் சூரியனே உதிக்கும்.”

பூ மார்க்கெட்டில் இன்னொரு கவுன்டர்

கடையில் சீட்டைப் பார்த்து, நகல் எடுத்து, பில் போட்டு, பெட்டியை ஜோதியக்கா கையில் கொடுத்தேன். இங்கே பிரிக்காதீர்கள், டாக்டரம்மா முன்னால்தான் முதல் மாத்திரை, அடுத்தது அவர் சொல்கிற நேரத்தில் என்றேன். ரத்தம் எவ்வளவு போனால் சாதாரணம், எவ்வளவு போனால் ஓட வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன, திரும்பவும் என்றைக்குக் காட்ட வேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னேன். ஜோதியக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், இம்புட்டையும் பரீட்சைக்குப் படிச்சியா பாப்பா என்று மட்டும் கேட்டார். அன்று காலையே கிளினிக்குக்குப் போனார். ஜோதியக்கா வந்துவிட்டார் என்று டாக்டரம்மா போனில் காதர் பாயிடம் சொன்னபோது, அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் ஜோதியக்காவின் நம்பரை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். தொந்தரவு செய்வதாக ஆகிவிடுமோ என்று கூப்பிடவில்லை. அவரே வந்தார். கடைசி ஸ்கேன் பார்த்தாயிற்று, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, டாக்டரம்மா குழந்தை தள்ளிப்போட வழியும் சொல்லியிருக்கிறார் என்றார். கணவர் நாக்பூரிலிருந்து வந்துவிட்டார், எதிர்ச்சாரியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார். ஜோதியக்கா மூத்த பிள்ளைக்கு வீசிங் மருந்தை வாங்கினார். கிளம்புமுன் பையிலிருந்து ஒரு முழம் கதம்பத்தை எடுத்து, எனக்குக் கொடுக்கவில்லை, சுவரில் இருக்கிற சான்றிதழுக்குப் போடச் சொன்னார். படத்துல பூ, உசிரோட இருக்கிறவங்களுக்குப் போடக்கூடாது ஆத்தா என்று பாண்டியண்ணன் வாங்கி என்னிடமே கொடுத்தார்.

அப்புறம் ஜோதியக்கா கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

“மார்க்கெட்ல மூணு பொம்பளைக எங்கிட்டயே வந்து கேட்டுட்டாளுக பாப்பா. நீ திட்டுவேன்னு பயந்து, ‘மொதல்ல டாக்டரப் பாரு, சீட்டு வாங்கு, பெறகு வா’ன்னு நானே வெரட்டி விட்டுருக்கேன்.”

ஆக, எங்கள் கடையில் இப்போது அந்த மாத்திரையும் இருக்கிறது, என் பயமும் இருக்கிறது, விற்காமல் தேங்கிக் கிடப்பது தொண்டை மிட்டாய் மட்டும்தான்.